அவருக்கு எம்புட்டு முடியல?

தல்லாகுளத்தில் இறங்கி ‘பத்மா டைப்பிங் எங்கே’ என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கோர்ட்டுக்கும் நாலைந்து அரசு அலுவலகங்களுக்கும் நடந்து போகிற தூரத்தில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே, பத்தடி அகலத்தில் ஒரு கடை. தமிழில் மனு எழுதித் தர அந்த வரிசையிலேயே ஆறு பேர் இருந்தார்கள். பேங்குக்கு, இன்சூரன்ஸுக்கு, காலேஜுக்கு, வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கிலீஷில் லெட்டர் வேண்டுமென்றால் மட்டும் பத்மாசினியிடம்தான் வரவேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் இங்கிலீஷ் அப்படி இருக்கும். ‘தெருவிளக்கு எரியலம்மா’ என்று ஒருத்தர் வந்து நின்றால், தெரு ‘எக்ஸ்ட்ரீம்லி டார்க்’ ஆகிவிடும். ‘வட்டி கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டாங்க’ என்றால் ‘அட்டர்லி அன்ஃபேர்’. ஸ்லைட்லி, ஃபேர்லி, கொய்ட், வெரி, எக்ஸ்ட்ரீம்லி, அட்டர்லி என்று ஆறு படி வைத்திருந்தாள். அதில் முதல் மூன்று படியை அவள் மிதித்ததே கிடையாது. “ஆபீஸர் உங்க லெட்டரை ஒரு நிமிஷம் பார்ப்பாரு. அந்த ஒரு நிமிஷத்துல ஓங்கி அடிச்சாத்தான் காதுல விழும்” என்பாள். வந்தவர்களும் தங்கள் கஷ்டம் இங்கிலீஷில் இத்தனை பெரிசா என்று மலைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

நாற்பத்தெட்டு வயது. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். கோபம் தலைக்கு ஏறிவிட்டால் தமிழை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர பாஷையில் திட்ட ஆரம்பித்துவிடுவாள். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் அதையும் இங்கிலீஷ் என்றே நினைத்துக்கொண்டு மரியாதையாக நின்று கேட்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வரவழைத்தவன் பாலமுரளி. பக்கத்து அலுவலகம் ஒன்றில் கிளார்க், அவளுக்குத் தூரத்துச் சொந்தம். டீ குடிக்க வந்தவன் கடை வாசலில் நின்று சிரித்தான்.

“அக்கா, உங்க பேரு எங்க ஆபீஸ்ல எம்புட்டு பிரபலம் தெரியுமா?”

“சொல்லேன், கேட்போம்.”

“தெருவிளக்கு எரியலைன்னாலும் எக்ஸ்ட்ரீம்லி, வீடு இடிஞ்சு விழுந்தாலும் எக்ஸ்ட்ரீம்லி. எங்க சார் லெட்டரைக் கையில வாங்கினதும் என்ன சொல்றாரு தெரியுமா? ‘பத்மா டைப்பிங்கா? அப்ப பாதியைக் கழிச்சுட்டுப் படிப்பா’ங்கிறாரு!”

டீக்கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். பத்மாசினிக்கு முகம் சிவந்துவிட்டது. பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள், இருபத்திரண்டு வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் கஷ்டத்தையெல்லாம் இங்கிலீஷில் ஏற்றி அனுப்பியவள். அவள் எழுத்தைப் பாதி கழித்துப் படிக்கிறார்களாமே! போட்டும். இனிமேல் வருகிறவர்கள் வாயிலிருந்து என்ன விழுகிறதோ அதுதான் தாளில் விழும், ஒரு அரிசி கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

பாலமுரளி போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, முத்துத்தாய் வந்து நின்றாள். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு செல்போனும், ஈமெயில் முகவரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டும்.

“இங்கிலீசுல ஒரு லெட்டர் வேணும் தாயி. எம்மகன் தங்கப்பாண்டி மஸ்கட்டுல வேல பாக்குறான். அவுக மேனேசருக்குப் போடணும்.”

“என்னன்னு போடணும்?”

“அவுக அப்பாவுக்கு லேசா முடியல. பையன் வந்து பாத்துட்டுப் போகட்டும்னு எழுதுங்க. வீட்டுல கூட இருந்து பாக்குறவுக கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். அப்பத்தேன் லீவாம்.”

வேறொரு நாளாக இருந்தால் பத்மாசினி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்ன வியாதி, எத்தனை நாளாக, டாக்டர் என்ன சொன்னார் என்று துருவியிருப்பாள். அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“லேசாத்தானே?”

முத்துத்தாய் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள். “ஆமா தாயி. லேசாத்தேன்.”

“ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாச்சும் இருக்கா, சேர்த்து அனுப்ப?”

“அது அவரு தலகாணிக்கு அடியில கெடக்கு. உருவுனா முழிச்சுக்கிருவாரு. என்னத்துக்குடின்னு கேப்பாரு.”

சரியென்று பத்மாசினி தட்டினாள். வாழ்க்கையில் முதல் முறையாக முதல் படியை மிதித்தாள். ‘மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்லைட்லி அன்வெல்.’ நாலே வரி. முத்துத்தாய் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள், லெட்டர் ஸ்கேன் ஆகி மஸ்கட்டுக்குப் போயிற்று. இதையாவது முழுசாகப் படிப்பார்கள் என்று பத்மாசினி திருப்தியாகச் சாப்பிடப் போனாள்.

வியாழக்கிழமை கடை திறக்கும்போதே முத்துத்தாய் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸிலேயே வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. செல்போனை நீட்டினாள். கம்பெனி போட்ட பதிலைத் தங்கப்பாண்டி அதில் அனுப்பியிருந்தான். சிறு உடல்நலக் குறைவுக்கெல்லாம் அவசர லீவு கொடுக்கிற வழக்கம் இல்லையாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற முறை தங்கப்பாண்டிக்கு வருகிறதாம், அப்போது போய்ப் பார்த்துக்கொள்ளட்டுமாம். அன்றைக்குக் கார்த்திகை பாதிகூட ஆகவில்லை.

பத்மாசினி படித்துச் சொன்னாள். முத்துத்தாய் கீழே குனிந்து மஞ்சள் பையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தலையணைக்கு அடியில் கிடந்து நாலாக மடிந்த சீட்டு.

பத்மாசினி அதைப் பிரித்துப் படித்தாள். ஈரலில் கட்டி. பரவிவிட்டது. மேற்கொண்டு வைத்தியம் எதுவும் எழுதவில்லை, வலிக்கு மட்டும் மாத்திரை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் என்று கடைசி வரி. தேதி போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“ஏம்மா! இதையா லேசான்னு சொன்னீங்க?” என்று கத்தியேவிட்டாள். “ரெண்டு நாளு போச்சே! இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க மகன் இந்நேரம் ஃபிளைட்டுல இருந்திருப்பானே! உங்களுக்கு வாய் எதுக்கு இருக்கு?”

கத்தி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. லேசாகத்தான் முடியவில்லை என்றால் எதற்கு ஒரு பொம்பளை பஸ் ஏறி வந்து மஸ்கட்டுக்கு லெட்டர் போடுகிறாள்? முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தவளின் முகத்தைத் தான் ஏறிட்டுப் பார்க்கவே இல்லையே! பாலமுரளி மேல் இருந்த வீம்பை இந்த மனுஷி தலையில் இறக்கிவிட்டோமே என்று நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

“சரி, உட்காருங்க. இப்பவே போட்டுரலாம்.” விரல்கள் பறந்தன. ‘கிரிட்டிகலி இல்’ என்று தட்டினாள். போதாதென்று முன்னால் ஒரு ‘எக்ஸ்ட்ரீம்லி’யையும் சேர்த்தாள். இந்த ஒரு தடவை அந்த வார்த்தை முழுசாகச் செல்லும் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கம்போல, கையெழுத்துக்கு முன்னால் தமிழில் படித்துக் காட்டினாள்.

“என் கணவர் உயிருக்குப் போராடும் நிலையில் மிகவும் ஆபத்தாக...”

முத்துத்தாய் நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்துவிட்டாள். “அழிங்க தாயி! மொதல்ல அத அழிங்க!”

“ஏம்மா, உண்மைதானே?”

“உண்மையோ பொய்யோ, எவ்வாயால அதச் சொல்ல மாட்டேன். எங்கையால அதுல கையெழுத்தும் போட மாட்டேன்.” மேஜையிலிருந்த பேனாவைத் தள்ளி வைத்தாள். “எங்க வீட்டுல நடந்துருக்கு தாயி. எங்க கொழுந்தன் நல்லகாமன் பட்டாளத்துல இருந்தப்ப லீவு கெடைக்கலன்னு, எங்க நாத்தனா சோலையம்மா ‘அப்பா சீரியஸ்’னு பொய்யாத் தந்தி குடுத்துச்சு. எங்க மாமனாரு அன்னைக்குக் கடா மாதிரி களத்துல நின்னு நெல்லுத் தூத்திக்கிட்டு இருந்தாரு. எண்ணி எட்டாம் நாளு, படுத்தவரு எந்திரிக்கல. சோலையம்மா இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுகுது. எழுத்துல ஏத்துனா பலிச்சிரும் தாயி. அதுலயும் கட்டுனவ கையெழுத்து! நான் எப்புடிப் போடுவேன்?”

“உங்க மகன்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“லேசான்னுதேன் சொல்லியிருக்கேன். வீடியோவுல கேட்டான்னா நெத்தியும் விபூதியும் மட்டும் தெரியுற மாதிரி காட்டுவேன். மூஞ்சி ஒட்டிப்போச்சுல்ல. அவருகிட்டயும் லேசான்னுதேன் சொல்லியிருக்கேன். ஊர்ல யாரு கேட்டாலும் அதேதேன். மூணு மாசமா இந்த வாயில வேற வார்த்தை வரல தாயி.”

பத்மாசினிக்குக் கோபம் புசுபுசுவென்று வந்தது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மூடநம்பிக்கையா என்று வீட்டுப் பாஷையில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முத்துத்தாயின் கண்ணைப் பார்த்ததும் அது அப்படியே அமுங்கிப்போயிற்று. அந்த மூன்று மாசத்தையும் இந்த மனுஷி ஒற்றை வார்த்தையை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறாள். அதைத் தட்டிவிடுவதற்கு யாருக்கு மனசு வரும்?

தட்டியது முழுவதையும் அழித்தாள். திரை வெள்ளையாயிற்று.

“சரிக்கா. அவருக்கு எம்புட்டு முடியலைன்னு நீங்க சொல்ல வேணாம், நானும் எழுதல. கஞ்சி குடிச்சாரா, தூங்கினாரான்னு, நடந்ததை மட்டும் சொல்லுங்க. நடந்து முடிஞ்சதைச் சொன்னா புதுசா எதுவும் பலிக்காதுல்ல?”

முத்துத்தாய் கொஞ்ச நேரம் யோசித்தாள். அதில் குற்றம் ஒன்றும் தென்படவில்லை போலிருக்கிறது. மெல்ல உட்கார்ந்தாள். முதலில் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது, பிறகு கொட்டியது. பத்மாசினி ஒன்றையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை. ஆறு படியில் எந்தப் படியிலும் கால் வைக்காமல் சமதரையில் நடந்து போனாள். அந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘என் கணவர் காளைக்கு வயது ஐம்பத்தெட்டு. போன மாதம் டாக்டர் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். திரும்ப எப்போது வரவேண்டும் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை மூன்று கரண்டி கஞ்சி குடித்தார். செவ்வாய்க்கிழமை ஒரு கரண்டி. நேற்றிலிருந்து பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைக்கிறேன். இடுப்பிலிருக்கும் அரைஞாண் கயிறு நழுவி விழுவதால் இரண்டு முறை முடிச்சுப் போட்டுச் சுருக்கியிருக்கிறேன். எங்கள் வீடு ரோட்டோரம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம், பாண்டி வந்துவிட்டானா என்று கேட்பார். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை கேட்பார். இன்று காலை நான் கிளம்புவதற்கு முன்னால் ஐந்து வண்டிகள் போயின. அவர் கேட்கவில்லை.’

கடைசி வரியைத் தட்டும்போது பத்மாசினிக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தமிழில் படித்துக் காட்டினாள். முத்துத்தாய் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

“அம்புட்டும் நடந்தது தாயி. இதுல போடுறேன்.” பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்து, லெட்டரின் அடியில் தன் கடை நம்பரையும் போட்டு, பத்மாசினி அனுப்பிவைத்தாள். “நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க. பதில் வந்தா நான் கூப்பிடுறேன்” என்று அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் அன்றைக்கு அவளுக்கு வேலையே ஓடவில்லை. காலேஜ் சர்டிபிகேட் கேட்டு ஒரு பெண் வந்தாள். அந்த லெட்டரில் பத்மாசினி இரண்டு தடவை தேதியைத் தப்பாகப் போட்டாள். டீ ஆறிப்போயிற்று. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மெயிலைத் திறந்து திறந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மட்டும் நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால், கேட்டிருந்தால் என்று மனசு அங்கேயே சுற்றியது.

நாலு மணிக்குப் போன் வந்தது. வெளிநாட்டு நம்பர்.

“மேடம், நான் தங்கப்பாண்டி பேசுறேன். மஸ்கட்டுல இருந்து.” பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. “மேனேஜர் கூப்பிட்டு லெட்டரை மட்டும் கையில குடுத்தாரு, கூட வந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டல. அவரு ஒண்ணுமே பேசல மேடம், முதுகைத் தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. நாளைக்கு ராத்திரி ஃபிளைட்டுக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டாரு. ஆனா அம்மாவுக்குப் போன் போட்டா, லேசாத்தேன் இருக்கு, நீ பதறாதங்குது. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களாச்சும் மறைக்காமச் சொல்லுங்க. எங்கப்பாவுக்கு எம்புட்டு முடியல?”

இங்கிலீஷிலும் தமிழிலும், போதாததற்கு வீட்டுப் பாஷையிலும், கொஞ்சத்திலிருந்து கொள்ளைவரை அளவு சொல்லத் தெரிந்த பத்மாசினிக்கு, அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. ரொம்ப என்றால் இந்தப் பிள்ளை அங்கேயே ஒடிந்துவிடுவான். லேசு என்றால் அது பாவம். அதுவும் ஏற்கெனவே ஒரு தடவை செய்த பாவம்.

“தம்பி,” என்றாள். “நாளைக்கு ராத்திரி வரைக்கும் இருக்காத. அதுக்கு முன்னால என்ன ஃபிளைட் இருக்கோ அதுல ஏறு. மேனேஜர் கால்ல விழுந்தாவது இன்னைக்கே ஏறு.”

“சரிக்கா” என்றான். மேடம் அக்காவாகிவிட்டதை அவன் கவனித்திருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு தகவலும் இல்லை. பத்மாசினி இரண்டு தடவை முத்துத்தாய் நம்பரை எடுத்தாள், இரண்டு தடவையும் கீழே வைத்தாள். என்னவென்று கேட்பது? எப்படி இருக்கிறார் என்று கேட்டால் லேசாகத்தான் இருக்கிறது என்று பதில் வரும். அந்த வார்த்தையை இன்னொரு தடவை அவள் வாயிலிருந்து பிடுங்கப் பத்மாசினிக்கு மனசு வரவில்லை. வீட்டில் சாமி விளக்கு முன்னால் நின்று, பெருமாளே, அந்தப் பையன் போய்ச் சேருகிற வரைக்கும் பார்த்துக்கொள் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. கடையில் நல்ல கூட்டம். பாலமுரளிகூட யாருக்கோ லெட்டர் அடிக்க வேண்டுமென்று வந்து நின்றுகொண்டிருந்தான். போன் அடித்தது. முத்துத்தாய்.

“தாயி... வந்துட்டான் தாயி.”

“வந்துட்டானா! எப்ப?”

“இப்பத்தேன். ராத்திரி வரைக்கும் இருக்காம நேத்து மத்தியானமே ஏறி, கொழும்பு வழியாப் பறந்து, ஏர்ப்போர்ட்டுல இருந்து நேரா வந்துட்டான். சட்டகூட மாத்தல. மஸ்கட்டுல போட்டுருந்த கம்பெனிச் சட்டதேன். அவரு கண்ணத் தொறந்து பாத்தாரு தாயி. நெசமாத் தொறந்து பாத்தாரு. மகன் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறாரு. பேச்சு வரல. ஆனா பிடிச்ச பிடி விடல.”

பத்மாசினி, கடையில் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நல்லவேளை, பெருமாளே, நல்லவேளை. “ரொம்ப சந்தோஷம்கா. அவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு எனக்கு எதுக்குப் போன் போட்டீங்க? போய்ப் பக்கத்துல உட்காருங்க.”

“கொல்லப்பக்கம் வந்து நின்னு பேசுறேன் தாயி.” முத்துத்தாயின் குரல் தாழ்ந்தது. “பையன் அப்பாவப் பாத்துட்டு எம்மூஞ்சியப் பாத்தான். ‘நீ இத்தனை நாளா ஒத்தையில இத வச்சுக்கிட்டா இருந்த’ன்னு கேட்டான். கேட்டுட்டு, ‘இனிமே நான் பாத்துக்கிறேன், நீ போயிச் சித்த நேரம் உக்காரும்மா’ன்னான். உக்கார முடியல. யாருகிட்டயாச்சும் சொல்லணும்னு இருக்கு. ஊர்ல யாருகிட்டயும் சொல்ல முடியாது. உங்ககிட்ட சொல்லலாமா?”

“சொல்லுங்கக்கா.”

நீளமாக ஒரு மூச்சு. கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது. பிறகு, மூன்று மாசமாக வாயில் வராத அந்த வார்த்தை வந்தது.

“அவருக்கு ரொம்ப முடியல தாயி.” சொன்னவள், சொன்னதைத் தானே கேட்டது மாதிரி ஒரு நொடி நின்றாள். “ரொம்ப ரொம்ப முடியல. போயிருவாரு தாயி. என்னைய விட்டுட்டுப் போயிருவாரு.”

அவள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். ஒண்ணும் ஆகாது, சரியாகிவிடும் என்று சொல்லப் பத்மாசினிக்குப் பொய் வரவில்லை. “ஆமாக்கா” என்றாள். “நல்லா அழுதுருங்க. நான் போனை வைக்க மாட்டேன், இங்கதான் இருக்கேன்.”

வரிசையில் நின்றவர்களை ஒரு கையால் சற்றுப் பொறுக்கச் சொன்னாள். பாலமுரளி என்னவென்று கேட்க வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினான். முத்துத்தாய் அழுது முடிக்கிற வரைக்கும் பத்மாசினி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.